கட்டளைக்குப் பெயர் வைக்கும் முன்

கேள்வி: பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்க்கிறேன். அறுவடைக் கணக்கு தினமும் எக்செல் கோப்பாக வருகிறது. ஆள்வாரியாகக் குலைகளைக் கூட்டி, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு வாகாகப் பிரித்துத் தர பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். டெர்மினலில் ஒரு வரி தட்டினால் வேலை முடிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகளும் கேட்கிறார்கள். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்யும் நண்பன், பொதுவிலேயே வெளியிடச் சொல்கிறான். எல்லாம் தயார், பெயர்தான் அமையவில்லை. இப்போதைக்கு அதன் பெயர் 'டெஸ்ட்2'. நல்ல பெயராக எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

கடைசியில் ஒரு '2' போட்டீர்களே, அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வெறும் 'டெஸ்ட்' என்று வைத்திருந்தால் லினக்ஸிலும் மேக்கிலும் உங்கள் நிரல் ஓடியே இருக்காது. அந்தப் பெயரில் யூனிக்ஸுக்குச் சொந்தமாகவே ஒரு பழைய கட்டளை உண்டு. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் அதுதான் முதலில் ஓடும். திரையில் எதையும் காட்டாது, பிழை என்றும் சொல்லாது. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலர் முதல் வாரத்திலேயே இதில் மாட்டிக்கொண்டு, தாங்கள் எழுதியதில் என்ன கோளாறு என்று வரி வரியாகத் துழாவுவார்கள். கோளாறு பெயரில் இருக்கும்.

கட்டளைக்குப் பெயர் வைப்பதும் கைப்பேசிச் செயலிக்குப் பெயர் வைப்பதும் ஒன்றல்ல. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய தமிழ் மென்பொருள் 'முரசு', பின்னால் கைப்பேசிக்கு வந்த 'செல்லினம்' எல்லாம் காதுக்கு இனிய பெயர்கள். செயலியின் பெயரை ஒருமுறை தேடி நிறுவிவிட்டால் அப்புறம் அதன் படத்தைத் தொடுவதோடு சரி. கட்டளையை ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாகத் தட்டியாக வேண்டும். மாதக் கடைசியில், சம்பளக் கணக்கு முடிக்கும் அவசரத்தில், அதை நாற்பது தடவை தட்டப்போவது நீங்கள்தான். அழகை இரண்டாம் இடத்தில் வையுங்கள். பெயர் விரலுக்குப் பழக வேண்டும், வேறொருவர் வைத்த பெயரோடு மோதக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

முதலில் நீளம். யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டெழுத்திலும் மூன்றெழுத்திலும் இருப்பதைப் பார்த்துவிட்டு, சுருக்கம்தான் கெட்டிக்காரத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம் எல்லாம் பெல் ஆய்வகத்தில் பிறந்த காலத்தில் அங்கே இருந்தவை டெலிடைப் 33 வகை இயந்திரங்கள். நொடிக்குப் பத்தெழுத்துதான் அச்சாகும். விசையை அமுக்குவதற்கே விரலில் பலம் வேண்டும். ஓரெழுத்து மிச்சமானாலும் அவர்களுக்கு லாபம். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் கோப்பு உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் கடைசி 'இ' எழுத்தைக்கூட வெட்டிவிட்டார். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'இ'யைத் திரும்பச் சேர்ப்பேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்ன கதை கணினிக்காரர்கள் நடுவில் பிரபலம். இன்றைக்கு டாப் விசையைத் தட்டினால் மீதிப் பெயரை ஷெல்லே நிரப்பிவிடுகிறது. இரண்டெழுத்துக்காக நாம் தவம் கிடக்க வேண்டியதில்லை.

போசிக்ஸ் தரநிலை, கட்டளைப் பெயர் இரண்டு முதல் ஒன்பது எழுத்துக்குள், சிற்றெழுத்திலும் எண்களிலும் இருக்கட்டும் என்கிறது. என் கணக்கு அதைவிடக் குறுகியது: நான்கிலிருந்து ஏழு வரை. அதற்குக் குறைந்தால் மோதும், கூடினால் கை வலிக்கும். இரண்டெழுத்துப் பெயர்களைப் பயனருக்கே விட்டுவிடுங்கள். அவை அவரவர் தம் வசதிக்கு வைத்துக்கொள்ளும் மாற்றுப்பெயர்களுக்கான இடம். கோப்பு தேட 'எஃப்டி' என்று ஒரு நல்ல கருவி இருக்கிறது. ஆனால் டெபியன், உபுந்து என்ற லினக்ஸ் வகைகளில் நிறுவினால் அந்த இரண்டெழுத்து கிடைக்காது, 'எஃப்டிஃபைண்ட்' என்று நீட்டித் தட்ட வேண்டும். கோப்பை வண்ணத்தில் காட்டும் 'பேட்' கருவி அங்கே 'பேட்கேட்' ஆகிவிடும். இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றே: அந்தப் பெயரில் முன்பே ஆள் இருந்தது. சுருக்கமாக வைக்கப்போய் வால் முளைத்த பெயர்கள் இவை.

சுருக்கமான பெயரில் இன்னோர் ஆபத்து, கை தவறுவது. ஓரெழுத்து இடம் மாறினால் வேறொரு கட்டளை ஓடிவிடும். 'எல்எஸ்' என்பதை அவசரத்தில் 'எஸ்எல்' என்று தட்டுகிறவர்களுக்காகவே ஜப்பானியரான தொயோடா மசாஷி ஒரு நிரல் எழுதினார். தப்பாகத் தட்டினால் திரை முழுக்க ஒரு நீராவி ரயில் ஓடும், அது போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது விளையாட்டு. உங்கள் நிரல் பெயர், கோப்பை அழிக்கும் 'ஆர்எம்'முக்கு ஓரெழுத்துத் தள்ளி இருந்தால் விளையாட்டாக இருக்காது.

பெயர் மோதலைப் பற்றிச் சுங்கை பட்டாணிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூடா ஆற்றுக்கு இக்கரையில் சுங்கை பட்டாணி, அக்கரைப் பக்கம் செபராங் பிறை. இரண்டும் 'எஸ்பி'தான். அக்கரை நகராண்மைக் கழகத்தின் மலாய்ச் சுருக்கம் 'எம்பிஎஸ்பி'யாக இருந்தது. நம்முடையதற்குக் கடைசியில் கெடாவின் 'கே' சேர்ந்து 'எம்பிஎஸ்பிகே'. 2019இல் செபராங் பிறை மாநகரமாக உயர்ந்து, அதன் சுருக்கத்திலும் ஓரெழுத்து மாறிவிட்டது. மோதல் தீர்ந்தது, ஆனால் நம் 'கே' அப்படியே நிற்கிறது. பெயர்ப்பலகை, கடிதத்தாள், ரசீது எல்லாவற்றிலும் ஏறிய எழுத்தை யார் எடுப்பது? கணினியிலும் இதே கதைதான்.

பெயர் மோதினால் டெபியன் விதி கறாரானது. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் இருக்கக் கூடாது. யார் மாற்றுவது என்று பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் இருவருமே மாற்ற வேண்டும். 'நோட்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உலகப் புகழ் பெற்ற பிறகும், டெபியனில் அந்தப் பெயர் அமெச்சூர் வானொலிக்காரர்களின் நிரல் ஒன்றிடம் இருந்தது. விவகாரம் 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை போயிற்று. பல ஆண்டுகள் உபுந்து பயனர்கள் 'நோட்ஜேஎஸ்' என்று தட்டிக்கொண்டிருந்தார்கள், இணையத்தில் படித்த செய்முறைகள் தங்கள் கணினியில் ஓடவில்லையே என்று குழம்பியபடி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதில் தப்பவில்லை. 2005இல் தன் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் 'கிட்' என்று பெயர் வைத்தபோது, வாயில் நுழையும், பரவலான யூனிக்ஸ் கட்டளை எதுவும் எடுத்துக்கொள்ளாத மூன்றெழுத்து என்று அவரே விளக்கக் கோப்பில் எழுதினார். க்னூ கருவித் தொகுப்பு ஒன்று அதே மூன்றெழுத்தை ஏற்கெனவே வைத்திருந்தது. டெபியனில் அவருடைய நிரல் பல ஆண்டுகள் 'கிட்-கோர்' என்ற பொதிப்பெயரில் உட்கார்ந்திருந்தது. அவர் டோர்வால்ட்ஸ், கடைசியில் பெயர் அவருக்கே வந்து சேர்ந்தது. நமக்கு வராது.

பொதுச்சொற்கள் இன்னும் மோசம். படங்களை மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் தொகுப்பு தன் கட்டளைகளுக்கு 'கன்வர்ட்', 'இம்போர்ட்', 'கம்பேர்' என்று ஆங்கில அகராதியின் நடுப்பக்கத்திலிருந்து பெயர் எடுத்தது. விண்டோஸில் 'கன்வர்ட்' என்பது வட்டின் கோப்பு முறைமையையே மாற்றும் கட்டளை! லினக்ஸில் 'இம்போர்ட்' திரையைப் படம் பிடிக்கும். பைத்தான் நிரலின் தலையில் எதைக்கொண்டு ஓட்ட வேண்டும் என்ற வரியைப் போடாமல் நேரே ஓட்டினால், ஷெல் அதைத் தன் நிரல் என்று எண்ணிப் படிக்கும். முதல் வரியிலேயே 'இம்போர்ட்' இருக்கும். சுட்டி சிலுவைக் குறியாக மாறிக் கணினி உறைந்ததுபோல் நிற்கும். உங்களுக்கே ஒருநாள் நடந்திருக்கலாம். ஏழாம் பதிப்பில் அவர்கள் எல்லாவற்றையும் 'மேஜிக்' என்ற ஒரே கட்டளைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். 'கில்ஆல்' என்ற பெயரைக் கேட்டாலே பழைய நிர்வாகிகளுக்கு வயிற்றைக் கலக்கும்: லினக்ஸில் அது பெயர் சொன்ன நிரலை மட்டும் நிறுத்தும், சோலாரிஸில் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்தும்.

ஆகவே 'கணக்கு', 'ரிப்போர்ட்', 'டோட்டல்' போன்ற எதையும் தொடாதீர்கள். தேடலில் கிடைக்காது என்பதும் ஒரு காரணம். கூகுள் தன் நிரல்மொழிக்கு 'கோ' என்று பெயர் வைத்தது. தேடுகிறவர்கள் வேறு வழியின்றி 'கோலேங்' என்று தட்டுகிறார்கள். உங்கள் தொழிலில் 'பிடிஎஸ்' என்றால் புவா தண்டான் செகார், ஆலைக்குப் போகும் புதுக்குலை. எடைமேடையில் எல்லாருக்கும் தெரிந்த சுருக்கம் என்று அதையே பெயராக வைத்தால், உதவி தேடும் கிராணிக்குத் திரை முழுக்கக் கொரியப் பாடகர்கள்தான் வருவார்கள்.

சோதிப்பது எப்படி? தோட்ட அலுவலகங்களில் இருப்பது விண்டோஸ் என்பதால் அங்கிருந்தே தொடங்குங்கள். கறுப்புக் கட்டளைத்திரையில் 'வேர்' கட்டளையோடு பெயரைக் கொடுத்தால், அதே பெயரில் கோப்பு ஏதும் இருந்தால் அதன் இடத்தைக் காட்டும். பவர்ஷெல்லில் 'கெட்-கமாண்ட்' கொடுங்கள். பவர்ஷெல் தன் பங்குக்கு மாற்றுப்பெயர்களும் வைத்திருக்கிறது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் 'கர்ல்' என்று தட்டினால், டேனியல் ஸ்டென்பெர்க் 1998இலிருந்து அந்தப் பெயரில் வெளியிட்டுவரும் புகழ்பெற்ற கருவிக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் வேறொரு கட்டளை ஓடும். கூடவே லினக்ஸில் 'டைப்' என்ற கட்டளையோடு பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து, பைத்தான் பொதிகள் இருக்கும் பைபிஐ, ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் என்பிஎம், மேக்கின் ஹோம்ப்ரூ, டெபியனின் பொதிப் பட்டியல் ஆகியவற்றில் தேடுங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பின்னால் அவதிப்பட்ட திட்டங்களைத்தான் மேலே பார்த்தோம்.

நிறுவனப் பெயர்களைத் தள்ளியே வையுங்கள். 2016இல் என்பிஎம்மில் 'கிக்' என்ற பொதிப்பெயருக்காக அதே பெயருள்ள நிறுவனம் உரிமை கேட்டது. பெயரைப் பறிகொடுத்த நிரலாளர் கோபத்தில் தன் பொதிகளை எல்லாம் விலக்கிக்கொண்டார். அதில் பதினொரே வரி கொண்ட 'லெஃப்ட்-பேட்' ஒன்று போனதால் உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. தோட்ட நிறுவனங்களின் பெயர் நிலைப்பதில்லை. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றாயின. அந்தத் தோட்டத் தொழில் 2024இல் 'எஸ்டி கத்ரி' என்று மறுபடியும் பெயர் மாறியது. நிறுவனத்தின் முதலெழுத்தைக் கருவியின் தலையில் ஒட்டியிருந்தால் எத்தனை முறை பெயர்சூட்டு விழா நடத்தியிருப்பீர்கள்?

எழுத்து விஷயத்தில் சில சின்னச் சின்ன எச்சரிக்கைகள். பேரெழுத்து வேண்டாம். லினக்ஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகப் பார்க்கும். விண்டோஸும் வழக்கமான மேக்கும் ஒன்றாகவே பார்க்கும். பெர்ல் மொழியின் இணைய நூலகம் ஒன்று பேரெழுத்தில் 'ஹெட்' என்ற கட்டளையை நிறுவியபோது, மேக்கில் அது கோப்பின் முதல் வரிகளைக் காட்டும் சிற்றெழுத்து 'ஹெட்' கட்டளையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அடிக்கோடு வேண்டாம், ஷிஃப்ட் விசையை அமுக்க வேண்டியிருக்கும். நடுவில் சிறுகோடு தட்டுவதற்கு எளிது, ஆனால் பைத்தான் தொகுதிப் பெயரில் அதை விடாது. கட்டளைக்கு ஒரு பெயரும் உள்ளே நிரலுக்கு ஒரு பெயரும் என்று இரட்டை வாழ்க்கை ஆகிவிடும். கடைசியில் எண் போடாதீர்கள். 'டெஸ்ட்2' என்றால் '1' எங்கே என்று கேட்பார்கள்.

இனி, நம்மவர்கள் எல்லாரும் ஆசைப்படும் இடத்துக்கு வருவோம். தமிழ்ப் பெயர் வைக்கலாமா?

தமிழ் எழுத்திலேயே வைக்க முடியும். லினக்ஸ் தடுக்காது. 'தொகு' என்று ஒரு கோப்பை உருவாக்கி ஓட்டிப் பாருங்கள், ஓடும். ஆனால் 'தொ'வில் ஒரு கண்ணி இருக்கிறது. யூனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கோப்பு முறைமை பொதுவாக பைட்டுகளைத்தான் ஒப்பிடும், கண்ணை நம்பாது. உங்கள் விசைப்பலகை ஒரு விதமாகவும் பக்கத்துத் தோட்டக்காரர் விசைப்பலகை இன்னொரு விதமாகவும் உள்ளிட்டால், அவர் கணினி 'தொகு' இல்லை என்று சொல்லிவிடும். இருவரும் திரையில் ஒரே எழுத்தைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் சண்டை போடுவீர்கள். ஔகாரத்தில் இன்னும் குழப்பம், அதன் பின்பாதி 'ள' போலவே இருப்பதால் பலர் 'ள'வையே தட்டுகிறார்கள். இதையெல்லாம் தாண்டினாலும், கட்டளையைத் தமிழிலும் கோப்புப் பெயரை ஆங்கிலத்திலும் தட்ட, வரிக்கு இரண்டு முறை விசைப்பலகையை மாற்ற வேண்டும். உங்கள் சொந்தக் கணினியில் ஆசைக்கு வையுங்கள், கொடுக்கிற கருவிக்கு வேண்டாம்.

சரி, ரோமன் எழுத்தில் தமிழ்ச்சொல்? இங்கேதான் பெரும்பாலான நல்ல பெயர்கள் விழுகின்றன. 'தேடு' என்பதற்கு 'எச்' உண்டா இல்லையா, 'இ' ஒன்றா இரண்டா? 'கணக்கு'க்கு 'கே' ஒன்றா இரண்டா? ழகரம் வந்தால் தமிழ்நாட்டார் 'இசட்-எச்' போடுவார்கள், நம் பிறப்புப் பத்திரங்களில் 'எல்' இருக்கும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழிக்கு 'எழில்' என்று பெயர். தமிழில் எவ்வளவு அழகு! பெயரைக் காதால் மட்டும் கேட்ட கெடாப் பிள்ளை அதைத் தேடும்போது 'எல்' போட்டுத்தான் தேடுவான். அதே அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நூலகத்தோடு வரும் கட்டளைவரிக் கருவிகளைப் பாருங்கள். சொல் எண்ணுவது, சொல் வடிகட்டுவது, ஒலிபெயர்ப்பது எல்லாம் 'தமிழ்' என்ற முன்னொட்டோடு தொடங்குகின்றன. உலகம் முழுக்க ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதப்படும் தமிழ்ச்சொல் அது ஒன்றுதானோ என்னவோ. அந்த ஐந்தெழுத்தைத் தட்டி டாப் விசையை அமுக்கினால் குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். பெயர்கள் நீளம்தான். மோதல் இல்லை, மறதி இல்லை. நல்ல ஏற்பாடு.

இங்கே நமக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. ரோமனில் எழுதிய தமிழ்ச்சொல்லை மலாய்க்கார நண்பர் எப்படிப் படிப்பார்? பதிவேட்டைப் படித்துக் காட்டும் நிரலுக்குப் 'படி' என்று பெயர் வைத்தால் அவருக்கு அது நெல். நாட்டின் நெற்களஞ்சியமான கெடாவில் அந்தப் பெயரைப் பார்த்தால், மூடா பாசனத் திட்டத்தோடு ஏதோ சம்பந்தம் என்றுதான் எண்ணுவார்கள். வேலை நேரம் கணக்கிடும் நிரலுக்கு 'மணி' என்று வைத்தால் இன்னும் சங்கடம், மலாயில் அந்தச் சொல்லுக்கு விந்து என்று பொருள். பட்டியலை இறுதி செய்யும் முன் அலுவலகத்தில் ஒரு மலாய் நண்பரையும் ஒரு சீன நண்பரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

தோட்டச் சொற்கள்மேல் உங்களுக்கு ஆசை இருக்கும். எனக்கும் உண்டு. 'பெரட்டு' நல்ல துடிப்பான சொல். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் நிரல் என்றால் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் ரோமனில் அதை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். 'கங்காணி' என்ற யோசனை வந்திருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டல் குழப்பம் ஒருபுறம். தொழிலாளிக்கு எத்தனை குலை, எவ்வளவு சம்பளம் என்று கணக்கிடும் நிரலுக்கு அந்தப் பெயர் வைப்பது இன்னொரு விஷயம். இந்தியாவிலிருந்து கங்காணி வழி ஆள் எடுப்பதும் பயண உதவியோடு அழைத்து வருவதும் 1938இல் இந்திய அரசின் தடையோடு நின்றுபோனாலும், அந்தச் சொல் எங்கள் பாட்டன் பாட்டிமார் காதில் எப்படி ஒலித்தது என்று லயத்து வீடுகளில் இன்னமும் சொல்வார்கள். வேடிக்கைக்கு வைத்த பெயர் யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

என் சிபாரிசைச் சொல்லிவிடுகிறேன்: மலாய்ச் சொல்லை எடுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் மலாய்க்கு ரோமன் எழுத்துதான் சொந்த எழுத்துபோல் ஆகிவிட்டது. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துக்கூட்டலைச் சீர்படுத்திய பிறகு ஒரு சொல்லை இப்படித்தான் எழுதுவது என்று நிலைத்துவிட்டது. கேட்டதும் எழுதலாம். தோட்டத்தில் தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசத்திலிருந்து வந்தவர் எல்லாருக்கும் பொதுவான வேலைச்சொல்லும் அதுவே. உங்கள் கருவி எண்ணுவது குலையை. அதற்கு எடைமேடையிலும் ஆலையிலும் எல்லாரும் சொல்லும் சொல் 'தண்டான்'. ரோமனில் ஆறெழுத்து. எல்லாம் சிற்றெழுத்து, கோடு இல்லை, எண் இல்லை, உச்சரிப்பில் தகராறு இல்லை. கருவி செய்கிற வேலை முழுவதையும் அந்தச் சொல் சொல்லாது, சொல்லவும் வேண்டாம். 'கிரெப்' என்ற பெயரே ஒரு பழைய திருத்தியில் தட்டிய கட்டளையின் எச்சம். அந்தப் பூர்வோத்தரம் தெரியாமலே உலகம் ஐம்பது ஆண்டுகளாக அதை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறது.

வேலைகள் பெருகும்போது புதிய கட்டளைகளைத் தனித்தனிப் பெயரில் பெற்றுப் போடாதீர்கள். 'கிட்' செய்வதுபோல ஒரே பெயருக்குப் பின்னால் வினையைச் சேருங்கள்: தண்டான் ஜும்லா என்றால் கூட்டு, தண்டான் செமாக் என்றால் சரிபார், தண்டான் சேத்தாக் என்றால் அச்சிடு. இந்த வினைகள் பொதுச்சொற்களாக இருப்பதில் தவறே இல்லை, முன்னால் நிற்கும் பெயர் அவற்றைக் காவல் காக்கும்.

பெயர் முடிவானதும் உடனே வெளியிட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் உங்கள் கணினியில் அதே பெயரில் தட்டிப் பழகுங்கள். எந்த எழுத்தில் விரல் தடுக்குகிறது என்று அப்போதுதான் தெரியும். பக்கத்துத் தோட்டக் கிராணியைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்துக்கூட்டிச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லித் தட்டச் சொல்லுங்கள். முதல் தடவையே சரியாகத் தட்டினால் பெயர் தேறியது. இரண்டு தடவை விளக்க நேர்ந்தால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், வெளியே போன பெயரைத் திரும்ப வாங்குவது கடினம். லாரி வால் தன் மொழிக்கு முதலில் 'பியர்ல்' என்று பெயர் நினைத்தார். அதே பெயரில் வேறு மொழி இருப்பது தெரிந்ததும் 1987இல் வெளியிடும் முன்பே ஓரெழுத்தைக் களைந்து 'பெர்ல்' ஆக்கிவிட்டார், செலவு ஏதுமில்லை. ஜெரால்ட் கூம்ஸுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. உலகமெல்லாம் பயன்பட்ட அவருடைய 'ஈதரியல்' என்ற பிணைய ஆய்வுக் கருவியின் வணிகப்பெயர் அவரிடம் இல்லாததால், வேலை மாறிய 2006இல் அதை 'வயர்ஷார்க்' என்று மாற்ற நேர்ந்தது. கூடவே கட்டளைவரியில் ஓடிய 'டிஈதரியல்' என்பதும் 'டிஷார்க்' ஆயிற்று. அதை வைத்து எழுதியிருந்த ஸ்கிரிப்டுகளை எல்லாம் அவரவர் தேடித் திருத்த வேண்டியதுதான். என்றாவது உங்களுக்கும் மாற்ற நேர்ந்தால், பழைய பெயரையும் ஓராண்டாவது விட்டுவையுங்கள். அதைத் தட்டுகிறவருக்குப் புதுப்பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைச் செய்து கொடுக்கட்டும்.

உங்களுடையது இப்போது ஒரே கணினியில்தான் இருக்கிறது. இந்த வாரமே பைபிஐயில் 'தண்டான்' காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது எடுத்திருந்தால் எண்ணுவதற்கான 'கீரா' என்ற மலாய்ச் சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்குங்கள், பத்தெழுத்தானாலும் பரவாயில்லை. பெயரைப் பதிந்து, விண்டோஸ் கணினி ஒன்றில் புதிதாக நிறுவி ஓட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தாருக்கு அனுப்புங்கள். மாதக் கடைசிச் செக்ரோலுக்கு முன் அவர்கள் கையில் இருக்கட்டும்.